அந்த மூன்று மேடுகள்

"அண்ணே, டிஸ்டார்ஷன் கம்மியா வேணும்னா எந்த ஆப்-ஆம்ப் போடணும்?"

இந்தக் கேள்வியோடு வாரத்துக்கு ஒருவராவது கடைக்கு வந்துவிடுகிறார்கள். ஆப்-ஆம்ப் என்பது சிக்னலைப் பெருக்கும் சின்ன ஐசி. டிஸ்டார்ஷன் என்றால் திரிபு, அலையின் வடிவம் கெடுவது. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், கையில் புராஜெக்ட், நாளை மறுநாள் ரிவ்யூ. முன்பெல்லாம் ஒரு நம்பரைச் சொல்லி, இருப்பில் இருந்தால் எடுத்தும் கொடுத்து அனுப்பிவிடுவேன். போன ஆடி மாதத்துக்குப் பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அந்த மாதம் முழுக்க நானே அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அதை எழுதி வைத்துவிட்டால் அடுத்து வருகிற பிள்ளைக்கு இந்தப் பக்கத்தைக் காட்டலாம் என்று தோன்றியது.

என் கடை கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில். வேலையில் பாதி மைக் செட் ஆம்ப்ளிஃபயர்கள். கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை, அதனால் எனக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. மீதி, குளச்சல், முட்டம் பக்கத்துப் படகுகளில் இருந்து கழற்றி வருகிற எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் காட்டும் கருவி), இன்வர்ட்டர், சார்ஜர். ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். ஈரமும் உப்பும் சேர்ந்தால் முதலில் அடி வாங்குவது கெபாசிட்டர்தான். ஆனால் மீட்டரில் வைத்தால் மதிப்பு சரியாகவே இருக்கும். 0.22 என்று எழுதியிருந்தால் 0.22 என்றே காட்டும். போர்டில் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. மதிப்பு மாறாமல் உள்ளே இழப்பு மட்டும் கூடியிருக்கும். அந்த இழப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

நல்ல கெபாசிட்டரில் கரண்ட், வோல்டேஜுக்குச் சரியாக 90 டிகிரி முன்னால் ஓடும். இழப்பு இருந்தால் அந்த 90-இல் இருந்து ஒரு நூல் விலகும். அந்த விலகலை ரேடியனில் சொன்னால் அதுதான் இழப்பு எண். 1 கிலோஹெர்ட்ஸில் நல்ல பாலியெஸ்டருக்கு 0.005 அளவில் வரும், பாலிப்ராப்பிலீனுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. என்னிடம் இருந்த கைமீட்டர் அந்த மூன்றாவது தசம இடத்தில் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் காட்டியது. சரி, நானே ஒரு பாலம், அதாவது சிக்னல்களை எதிரெதிராக வைத்துச் சமன் பார்த்து அளக்கிற சுற்று, கட்டுவது என்று முடிவு செய்தேன். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கெபாசிட்டர் வழியாக அனுப்பி, அதில் ஓடும் கரண்டை ஒரு ஆப்-ஆம்ப்பாலும் ரெசிஸ்டராலும் வோல்டேஜாக மாற்றிக்கொள்வது. அதே சைனில் இருந்து இரண்டு நகல்கள் எடுப்பது, ஒன்று அப்படியே, இன்னொன்று 90 டிகிரி தள்ளி. இரண்டையும் பத்துச் சுற்று பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து அளந்து, வந்த சிக்னலோடு எதிராகக் கூட்டி, அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் கோடு தட்டையாகும்வரை திருகுவது. தட்டையானால் சமன். அப்போது பாட் காட்டும் எண்தான் விடை.

கட்டி முடித்தேன், திருகினேன். கோடு தட்டையாகவில்லை.

பெரிய சைன் போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஒரு சுற்றுக்கு மூன்று சின்ன மேடுகள். எந்த பாட்டைத் திருகினாலும் அவை அசையவில்லை. 5 வோல்ட் உச்சத்தில் ஓடிய சைனில் மிச்சம் 10 மில்லிவோல்ட், அதாவது 0.2 சதவீதம். கேட்பவர்களுக்குச் சின்னதாகத் தெரியும். ஆனால் நான் தேடுகிற 0.0005 என்பது அதே 5 வோல்ட்டில் வெறும் 2.5 மில்லிவோல்ட். நான் பார்க்க வேண்டிய எறும்பின் மேல் இந்த மூன்று மேடும் யானைபோல் நின்றன.

மூன்று மேடு என்றால் மூன்றாம் ஹார்மோனிக், அதாவது சைனின் மூன்று மடங்கு ஃப்ரீக்வென்சியில் கலந்திருக்கும் அலை. சமன் செய்யும்போது 1 கிலோஹெர்ட்ஸ் மட்டும்தான் ஒன்றையொன்று அடித்துப் போகும். 3 கிலோஹெர்ட்ஸில் இருப்பதற்கு அடித்துக்கொள்ள எதிராளி இல்லை, அது அப்படியே தங்கிவிடும். தள்ளிய சைனில் எவ்வளவு திரிபு இருக்கிறதோ அவ்வளவுக்குக் கீழே சமன் இறங்காது. டிஸ்டார்ஷன் கம்மியாக வேண்டும் என்பது இந்த வேலையில் காதுக்கு இனிமை பற்றிய ஆசை இல்லை. அளவு கிடைக்குமா கிடைக்காதா என்பதே அதில் இருக்கிறது.

நாலு ஐசி, ஒரே மிச்சம்

முதல் சந்தேகம் சைன் வருகிற இடத்தின் மேல். அது வீன் பால ஆஸிலேட்டர், அளவைக் கட்டுப்படுத்த ஒரு சின்ன பல்பு. 1939-இல் வில்லியம் ஹியூலெட் ஸ்டான்ஃபோர்டில் எழுதிய ஆய்வேட்டில் வந்த யோசனை, இன்றைக்கும் இதற்கு இணையாக எளிதாக ஒன்று எனக்குத் தெரியவில்லை. ட்வின்-டி நாட்ச் ஃபில்டர் வைத்து 1 கிலோஹெர்ட்ஸை வடித்துவிட்டு மிச்சத்தைச் சவுண்ட் கார்டில் பார்த்தேன். மூன்றாம் ஹார்மோனிக் 0.005 சதவீதத்துக்கும் கீழே. கெபாசிட்டர் வழியே போகும்போது அது மூன்று மடங்காகும் என்று வைத்தாலும் ஒரு மில்லிவோல்ட் வராது. ஆஸிலேட்டர் குற்றவாளி இல்லை.

மிஞ்சியது 90 டிகிரி தள்ளுகிற சுற்று. ஒரு ஆப்-ஆம்ப், இரண்டு சம ரெசிஸ்டர், ப்ளஸ் காலில் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற ஆல்-பாஸ். அளவு எந்த ஃப்ரீக்வென்சியிலும் மாறாது, ஃபேஸ், அதாவது அலை முன்பின் தள்ளி நிற்கும் கோணம், மட்டும் நகரும். ஆர்சி பொருந்தும் இடத்தில் சரியாக 90. நான் கையில் கிடைத்த, 104 என்று குறியிட்ட 100 நானோஃபாரட் கெபாசிட்டரைப் போட்டு, 1.5 கே (கிலோஓம்) ரெசிஸ்டரோடு திருகி மாற்றும் ஒரு சின்ன பிரீசெட்டையும் சேர்த்து 1.59 கே-க்குக் கொண்டுவந்திருந்தேன்.

இந்தச் சுற்றில் ஒரு குணம் உண்டு. அது எதையும் சுத்தம் செய்யாது. உள்ளே வந்த ஹார்மோனிக் அதே உயரத்தில் வெளியே போகும், ஃபேஸ் மட்டும் மாறி. அதோடு சுற்றே புதிதாக ஏதாவது சேர்த்தால் அதுவும் கூடும். சேர்ப்பது யார் என்று கேட்டால், இருப்பதிலேயே "வேலை செய்கிற" பொருள் ஆப்-ஆம்ப்தானே? ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சும்மா கிடக்கிற சாமான். அப்படித்தான் நினைத்தேன்.

சாக்கெட்டில் இருந்தது 741. பழைய ஐசி, 1968-ஐச் சேர்ந்தது, வெட்கப்பட்டுக்கொண்டே கழற்றினேன். மற்ற ஐசிகளின் கால் வரிசை வேறு, அதற்கு ஒரு அடாப்டர் வைத்து டிஎல்072 போட்டேன், அதே மூன்று மேடு. என்ஈ5532 போட்டேன், அதே மூன்று மேடு. கடைசியில் எல்எம்4562 வரவழைத்தேன். டேட்டாஷீட்டில் அதன் திரிபு 0.00003 சதவீதம் என்று போட்டிருக்கும். கூரியர் வர ஐந்து நாள், அந்த ஐந்து நாளும் சாரல். வந்ததும் டீகூடக் குடிக்காமல் சாக்கெட்டில் அழுத்தினேன். 10 மில்லிவோல்ட். மூன்று மேடு.

இப்போது நினைத்தால் அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். விலையிலும் வயதிலும் குணத்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு ஐசி ஒரே அளவு தப்பை ஒரே வடிவத்தில் செய்ய முடியாது. நான்கும் சேர்ந்து என்னிடம் "நாங்கள் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தன. நானோ ஐந்தாவது ஐசிக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஆசான் சொன்னது

எனக்கு இந்தத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவேன். வால்வு ரேடியோ காலத்து ஆள், பிறகு இருபது முப்பது வருஷம் மைக் செட். ஆப்-ஆம்ப் கணக்கெல்லாம் அவருக்குப் பழக்கம் இல்லை, தேவையும் இருந்ததில்லை. மழை பெய்தால் கடைக்கு வந்து ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுப் போவார். அன்றைக்கும் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஸ்கோப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன மக்கா, ஒரு வாரமா இதே படம் ஓடுது?"

சொன்னேன். நாலு ஐசி மாற்றிய கதையையும் சொன்னேன். அவர் ஐசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"வால்யூமைக் கொறச்சுப் பாத்தியா?"

"எதுக்கு ஆசானே?"

"சின்னச் சத்தத்துல கரகரன்னா ஆம்ப்ளிஃபயர்ல பயாஸ் சரியில்ல. பெரிய சத்தத்துல மட்டும் கரகரன்னா எதோ ஒண்ணு தாங்க முடியாம இழுபடுது. கொறச்சுப் பாத்தாத்தான எதுன்னு தெரியும்?"

மைக் செட்டில் ஆயிரம் தடவை அவர் இதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். இந்த மேசையில் அது நினைவுக்கே வரவில்லை. ஆஸிலேட்டர் அளவை 5 வோல்ட்டில் இருந்து 2.5-க்கு இறக்கினேன். மிச்சம் பாதியாகி 5 மில்லிவோல்ட் ஆகியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. அது 2 மில்லிவோல்ட்டுக்கு விழுந்தது. சிக்னல் பாதியானால் திரிபு ஐந்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் ஏதோ ஒன்று வோல்டேஜ் ஏற ஏறத் தன் மதிப்பை மாற்றிக்கொள்கிறது. ப்ளஸ்சுக்கும் மைனசுக்கும் ஒரே மாதிரி மாற்றுகிறது, அதனால்தான் இரண்டாம் ஹார்மோனிக் இல்லாமல் மூன்றாவது மட்டும். 12 வோல்ட் சப்ளையில் 5 வோல்ட் ஓட்டுகிற ஆப்-ஆம்ப்புக்கு அப்படி இழுபட ஒரு காரணமும் கிடையாது. சுற்றில் வேறென்ன இருக்கிறது என்று பார்த்தேன். ப்ளஸ் காலுக்குப் பக்கத்தில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளாக அந்த 104 உட்கார்ந்திருந்தது.

ஆசான் சாயா குடித்து முடிப்பதற்குள் சோதித்துவிட்டேன். ஃபிலிம் கெபாசிட்டரைத் தேடி எடுக்கும் பொறுமை இல்லை, கையில் அதே மஞ்சள் 104 தான் பத்து இருந்தது. இரண்டைத் தொடராக இணைத்தேன், இன்னொரு ஜோடியையும் அப்படியே இணைத்து, இரண்டு ஜோடியையும் பக்கவாட்டில் சேர்த்தேன். மொத்த மதிப்பு மறுபடியும் 100 நானோஃபாரட், ஆனால் ஒவ்வொன்றின் மேலும் விழும் வோல்டேஜ் பாதி. மேடுகள் கண் முன்னாலேயே சரிந்தன. அதே கெபாசிட்டர், அதே மதிப்பு, அதே ஆப்-ஆம்ப். சாலிடரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பாலிப்ராப்பிலீன் ஒன்றைப் போட்டேன். பட்டாணிக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் ஒரு அளவு, போர்டில் இடம் அடைக்கிற சாமான். மிச்சம் ஒரு மில்லிவோல்ட்டுக்குக் கீழே போய்விட்டது. சாக்கெட்டில் அப்போது இருந்தது மறுபடியும் அந்தப் பழைய 741.

அந்த மஞ்சள் 104-களில் உள்ளே இருப்பது பேரியம் டைட்டனேட்டை அடிப்படையாகக் கொண்ட பீங்கான். சின்ன உடம்பில் பெரிய மதிப்பைத் தருவது அதுதான். ஆனால் மின்புலம் ஏறும்போது அதன் விடுதிறன் (பெர்மிட்டிவிட்டி) மாறும், அதோடு கெபாசிட்டன்ஸும் மாறும். எக்ஸ்7ஆர் என்ற குறியில் வருவதும் இந்த இனம்தான். சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையில் போட்டால் தங்கம், ஐசிக்குப் பக்கத்தில் அது இல்லாமல் நான் எந்தப் போர்டும் கட்டமாட்டேன். சைன் அலை தன் மேலேயே ஏறி இறங்குகிற இடத்தில் அதை வைக்கக்கூடாது.

அப்போ எந்த ஆப்-ஆம்ப்?

எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. கெபாசிட்டர் சரியான பிறகுதான் ஆப்-ஆம்ப்களின் வித்தியாசமே தெரிய ஆரம்பித்தது. அதுவும் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

741-ஐ எடுத்துக்கொள்வோம். 5 வோல்ட் உச்சம், 1 கிலோஹெர்ட்ஸ் சைனுக்கு அவுட்புட் ஏறி இறங்க வேண்டிய வேகம் இரண்டு பை எஃப் வி, அதாவது மைக்ரோசெகண்டுக்கு 0.03 வோல்ட். 741-க்கு 0.5 உண்டு. பதினாறு மடங்கு மிச்சம். அதனால்தான் திரிபில் அது மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. 10 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் 0.31 வேண்டும், எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது வேறு. அதன் கெயின்-பேண்ட்வித், அதாவது பெருக்கும் மடங்கையும் எட்டும் ஃப்ரீக்வென்சியையும் பெருக்கினால் வரும் எல்லை, ஒரு மெகாஹெர்ட்ஸ். ஆல்-பாஸ் சுற்றில் நாய்ஸ் கெயின் (ஆப்-ஆம்ப்பின் சொந்தப் பிழை பெருகும் மடங்கு) 2, ஆகவே கையில் இருப்பது அரை மெகாஹெர்ட்ஸ். 1 கிலோஹெர்ட்ஸில் அது கூடுதலாகச் சேர்க்கிற ஃபேஸ் பிழை 0.002 ரேடியன். நான் அளக்க நினைக்கும் பாலியெஸ்டரின் இழப்பே 0.005! பிரீசெட்டைத் திருகி இதைச் சரிசெய்யலாம், ஆனால் இந்தப் பிழை ஐசிக்கு ஐசி, சூட்டுக்குச் சூடு மாறும். 10 மெகாஹெர்ட்ஸ் உள்ள என்ஈ5532-இல் இதே பிழை பத்தில் ஒன்றுதான். டேட்டாஷீட்டில் நான் அந்த மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது திரிபு வரியை. பார்த்திருக்க வேண்டியது இதை.

எல்எம்358-ஐயும் போட்டுப் பார்த்தேன், பிள்ளைகள் அதிகம் கொண்டுவருவது அதைத்தான் என்பதற்காக. மிச்சத்தில் மேடுகள் இல்லை, சைன் பூச்சியத்தைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு கூர்மையான முள். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஒன்றிடம் இருந்து ஒன்று வேலையை வாங்கும் இடத்தில் வருகிற விக்கல் அது. ஆசான் சொன்ன "சின்னச் சத்தத்துல கரகர" இதுதான், அளவைக் குறைத்தால் விகிதத்தில் இன்னும் மோசமாகும். அவுட்புட்டில் இருந்து மைனஸ் சப்ளைக்கு ஒரு 4.7 கே போட்டதும் முள் மறைந்தது, லோடு லேசாக இருந்ததால். அவசரத்துக்கு ஆகும், ஆனால் பேண்ட்வித் 741 அளவுதான், ஃபேஸ் பிழை அப்படியே நிற்கும்.

டிஎல்072-இன் கதை கொஞ்சம் நுணுக்கம். ஆல்-பாஸில் ப்ளஸ் கால் சும்மா கிரவுண்டில் இருப்பதில்லை, 5 வோல்ட் சிக்னலில் அது 3.5 வோல்ட் மேலும் கீழும் ஆடுகிறது. அதன் ஜேஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) இன்புட்டின் கெபாசிட்டன்ஸ் அந்த ஆட்டத்தோடு சேர்ந்து மாறும். பாலிப்ராப்பிலீன் பெரிதாக இருக்கிறதே என்று நான் 10 நானோஃபாரட்டும் 15.9 கே-யும் போட்டபோது, சவுண்ட் கார்டு படத்தில் இரண்டாம் ஹார்மோனிக் மெதுவாகத் தலையெடுத்தது. 100 நானோஃபாரட், 1.59 கே என்று திருப்பியதும் தணிந்தது. 1 கிலோஹெர்ட்ஸில் இது என் பாலத்தைத் தொடுகிற அளவு இல்லை, ஆனால் பத்து மடங்கு ஃப்ரீக்வென்சியில் பத்து மடங்கு வரும். அதனால் ப்ளஸ் காலில் ரெசிஸ்டன்ஸைக் குறைவாக வைப்பது எந்த ஐசிக்கும் நல்லது. குறைவாக வைத்தால் கரண்ட் கூடும், அதைத் தள்ளுகிற தெம்பு ஆப்-ஆம்ப்புக்கு வேண்டும். என்ஈ5532 600 ஓம் வரைக்கும் தள்ளும். அதன் பயாஸ் கரண்ட் (இன்புட் கால் இழுக்கும் கரண்ட்) 200 நானோஆம்பியர் என்று குறை சொல்வார்கள், 1.59 கே-யில் அது அரை மில்லிவோல்ட்கூட இல்லை. என் பாலத்தில் இப்போது நிரந்தரமாக இருப்பது அதுதான். எல்எம்4562 போட்டால் ஸ்கோப்பில் எந்த மாற்றமும் தெரியவில்லை, டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. 10, 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு பாலம் கட்டும் நாளில் அதற்கு வேலை இருக்கும்.

ப்ளஸ் காலை ஆட்டாமலே வேலையை முடிக்கலாமே, இன்டக்ரேட்டர் போட்டால் 90 டிகிரியும் கிடைக்கும் ஹார்மோனிக்கும் குறையும் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான், மூன்றாம் ஹார்மோனிக் மூன்றில் ஒன்றாகும். செய்தும் பார்த்தேன். டிசி ஓடிப்போகாமல் இருக்கக் கெபாசிட்டருக்குக் குறுக்கே ஒரு மெக் (மெகாஓம்) ரெசிஸ்டர் போட வேண்டியிருந்தது, அந்த ஒரு மெக் மட்டுமே 0.0016 ரேடியன் பிழையைக் கொண்டுவந்தது. திரிபில் ஜெயித்ததை ஃபேஸில் கொடுத்துவிட்டேன். ஆல்-பாஸுக்கே திரும்பினேன்.

போன வாரம் வந்த பையனும் அதே கேள்வியைத்தான் கேட்டான். எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை வோல்ட், ப்ளஸ் காலில் எத்தனை ஓம், என்ன கெபாசிட்டர் என்று நான் திருப்பிக் கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அவன் போர்டையே பையில் இருந்து எடுத்துக் காட்டினான். மஞ்சள் 104. ஐசி பக்கமே போகாமல், வால்யூமைக் குறைத்துப் பார்க்கச் சொன்னேன்.

என் பாலத்தில் இன்னும் ஒரு குறை பாக்கி. கடைக்கு மேலே தகரக் கூரை, காலையில் இருந்து மதியத்துக்குள் ஏழெட்டு டிகிரி ஏறிவிடுகிறது. பாலிப்ராப்பிலீன் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 200 பங்கு குறையும். மதியம் மூன்று மணிக்குள் அது 0.0014 ரேடியன் நகர்ந்துவிடும், நான் பிரீசெட்டை மறுபடி திருக வேண்டும். சி0ஜி என்ற இனத்தில் அந்த நகர்வு 30 பங்குக்குள்தான், வோல்டேஜுக்கும் மதிப்பு மாறாது. அதுவும் பீங்கான்தான், ஆனால் வேறு பீங்கான். 10 நானோஃபாரட்டில் பத்து வரவழைத்திருக்கிறேன், பத்தையும் பக்கவாட்டில் சேர்த்தால் 100. பாக்கெட் நேற்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருக்கும்போது சாலிடர் செய்ய வேண்டும். ஆசானையும் வரச் சொல்லியிருக்கிறேன்.